செய்தித்தாளும் ஊர்ப் பொறுப்பும்

 

வரதய்யபாளையத்துக்கு வடக்கே நெல்லூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே தூபகுண்டா என்று ஒரு சிற்றூர். 1990களின் தொடக்கத்தில் அந்த ஊரில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. பகலெல்லாம் கூலி வேலை செய்த பெண்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை இருந்தது. அது சாராயத்தின் கேட்டைச் சொல்லும் பாடம். அதில் தங்கள் வீட்டுக் கதையையே பெண்கள் கண்டார்கள்.

படித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ரோசம்மா போன்ற பெண்கள் முன்னே நின்றார்கள். ஊர்ப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக் கடையை மூட வைத்தார்கள்.

அது ஒரே ஒரு ஊர். சாராய ஏலம் எடுத்தவர்களோ பணபலம் உள்ளவர்கள். அரசாங்கத்துக்கும் சாராயத்தால் வருமானம் வந்தது. அப்படியிருக்க, அந்தப் பெண்களின் குரல் எப்படி மாநிலம் முழுவதும் கேட்டது?

அடுத்த பாடப் புத்தகத்தில் தூபகுண்டா பெண்களின் கதையே பாடமாக வந்தது. பத்திரிகைகளும் எழுதின. ‘ஈநாடு’ என்ற தெலுங்கு நாளிதழ் 1992இல் சாராய எதிர்ப்புச் செய்திகளுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. எந்த ஊரில் பெண்கள் கூடினார்கள், எங்கே கடை மூடப்பட்டது என்று மற்ற ஊர்ப் பெண்கள் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரப் பிரதேசத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. ஆனால் 1997இல் அது தளர்த்தப்பட்டது. பெற்றதைக் காக்கவும் விழிப்பு வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

பத்திரிகை எழுதியும் யாரும் கேட்காவிட்டால் என்ன ஆகும்?

மத்தியப் பிரதேசத்தில் போபால் நகரம். அங்கே யூனியன் கார்பைடு கம்பெனி பூச்சிமருந்து தயாரித்தது. 1981 டிசம்பரில் தொழிற்சாலையில் நச்சு வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் இதை ஆராய்ந்தார். நகரமே ஆபத்தில் இருக்கிறது என்று 1982இல் தமது சிறிய வார இதழில் எழுதினார். மீண்டும் மீண்டும் எழுதினார். கம்பெனியும் திருந்தவில்லை, அரசாங்கமும் அசையவில்லை. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு விஷவாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

இன்று வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. கம்பெனிகள் வந்தால் வேலை கிடைக்கும். அதே சமயம் தண்ணீரையும் காற்றையும் தொழிலாளர் உயிரையும் காப்பது கம்பெனிகளின் கடமை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதமாவது பொது நலனுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் எந்த ஊருக்கு, எந்த வேலைக்குப் போனது என்று மக்கள் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது? ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படியும் விவரம் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு பத்திரிகைக்கு எழுதுங்கள். ஊர், தெரு, எத்தனை நாளாகக் குறை, யாரிடம் எப்போது மனுக் கொடுத்தீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். வதந்தியை எழுதாதீர்கள்.

பத்திரிகையில் வந்ததெல்லாம் வேதவாக்கு அல்ல. விளம்பரம் தரும் கம்பெனியைப் பற்றி எழுதச் சில பத்திரிகைகள் தயங்கலாம். ஆகவே இரண்டு பத்திரிகைகளைப் படியுங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள்.

டீக்கடையில் கிடக்கும் செய்தித்தாளை இனி வடை மடிக்கும் காகிதமாக மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஒரு தபால் அட்டை எடுத்து நீங்களே எழுதுங்கள். தூபகுண்டா பெண்களும் உங்களைப் போல எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்தான்.