கழற்றியிருக்கும்போதே கையோடு செய்துவிடுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘பழைய வண்டிகளைப் புதுப்பித்தல்’ என்ற தலைப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தின் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வண்டிகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “ஒருநாள் சரி பண்ணணும்” என்ற ஆசையோடு நிறுத்தி வைத்தவை. அதில் ஜிப்ஸி, ஜீப் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “வேலையை ஆரம்பிச்சாச்சு, இதோட சேர்த்து வேறென்ன செய்யலாம் சார்?” இன்று அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். மாருதி ஜிப்ஸியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1985-இல் 970 சிசி இன்ஜினோடு வந்தது, 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ‘கிங்’ ஆனது. உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் ராணுவத்திலும் காவல்துறையிலும் நிறைய ஓடியதால் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது.

அடிப்படைக் கணக்கு இதுதான். பழைய வண்டியில் பொருளின் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். ஒன்றைக் கழற்றியதும் அதன் பின்னால் இருப்பது கைக்கு எட்டுகிறது. அப்போதே மாற்றினால் கூலி ஒரு தடவை. விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கிறதா? கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். அந்தச் சின்ன சீல் கசிந்தால் புது கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் படியும். மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ரேடியேட்டர் வெளியே இருந்தால் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் அனைத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள். “வண்டி ரொம்ப ஓடலையே” என்று பெல்ட்டை விடாதீர்கள். நின்றாலும் ரப்பருக்கு வயதாகும்.

அடுத்தது முன் அச்சு. சக்கரம் திரும்பும் இடத்தில் மேலும் கீழும் கிங்பின் பேரிங் இருக்கிறது. அங்குள்ள சீல் தேய்ந்தால் சேறும் தண்ணீரும் கிரீஸுக்குள் போய்விடும். பேரிங் தளர்ந்தால் வேகமெடுக்கும்போது ஸ்டீரிங் கிடுகிடுவென்று ஆடும். பலர் வீல் பேலன்சிங் மட்டும் செய்துவிட்டு நோய் எங்கே என்று தேடுகிறார்கள். ஹப்பைத் திறந்த அன்றே கிங்பின் பேரிங், வீல் பேரிங், சீல் எல்லாம் மாற்றி, புது கிரீஸ் வைத்துவிடுங்கள். பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றினால் புஷ், ஷாக்கிள் பின், யு-போல்ட் மூன்றும் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட யு-போல்ட்டை மறுபடி நம்பக்கூடாது.

பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்குகிறவர்களுக்கு: பெயின்ட் அடிக்கும் அவசரத்தில் அடியில் இருப்பதை மறக்காதீர்கள். பாடி மவுண்ட் ரப்பர்கள், பிரேக் பைப், பெட்ரோல் பைப் ஆகியவற்றை மாற்ற இதைவிட நல்ல சமயம் வராது. துரு வெளியே தெரிவதற்கு முன் சேஸிஸின் உட்புறத்திலும் பெட்டிப் பகுதிகளிலும் தொடங்குகிறது. அதனால் உள்ளே மெழுகுப் பூச்சு அடிக்க வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றுக்கு இது ஆடம்பரம் இல்லை.

பெட்ரோல் பைப்பைப் பற்றி இன்னொன்று. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெல்ல ஊறி, வெடித்து, கசியும். கீழ்த்தளத்தில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் கசிந்தால் அது மேலே குடியிருக்கும் அத்தனை வீடுகளுக்கும் ஆபத்து. எத்தனால் தாங்கும் ஹோஸ், புது கிளிப், கார்புரேட்டர் கேஸ்கட் ஆகியவை கட்டாயம்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும்; ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். புதுப்பேட்டையில் கதவோ கண்ணாடியோ பழையது வாங்குங்கள். பிரேக் பாகம் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

இனி மேம்படுத்தல்கள். என் பட்டியலில் முதலிடம் மிக மலிவானதற்கு: அச்சுகளின் பிரீதர் குழாயை நீட்டுவது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சு இழுப்பதுபோல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடும். எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் போதும், சில நூறு ரூபாய் வேலை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதன் அருமை தெரியும். காட்டுக்கே போகாதவர்களுக்கும் இது தேவைதான்.

இரண்டாவது, ஹெட்லைட்டுக்குத் தனி ரிலேயும் ஃபியூஸும். பழைய சுவிட்சின் சுமை குறையும், வெளிச்சம் கூடும். எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். மூன்றாவது, சேஸிஸோடு உறுதியாகப் பொருத்தப்பட்ட இழுவைக் கொக்கி, முன்னும் பின்னும். நான்காவது, சீட் பெல்ட். பின்னால் பேரப்பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள் என்றால் இதைப் பட்டியலில் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதைச் செய்யக்கூடாது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி தயாரிப்பாளரின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. முன்னால் பொருத்தும் புல் பாருக்கும் தடை இருக்கிறது. பெரிய டயரும் உயரத் தூக்கலும் பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் பிரேக், ஸ்டீரிங், ஸ்பீடோமீட்டர் மூன்றையும் கெடுக்கும். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் முன் நிற்க வேண்டியது நீங்கள்தான். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, நம் வளாகத்துக்காக மூன்று வேண்டுகோள். வெல்டிங், கிரைண்டிங், பெட்ரோல் டேங்க் வேலைகளைக் கீழ்த்தளத்தில் செய்யாதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வடித்த எண்ணெயை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல் கேனில் பிடித்துச் சேகரிப்பவரிடம் கொடுங்கள். நீண்ட நாள் நிற்கும் வண்டியில் பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் பிரேக், பிறகு பெட்ரோல் பைப், பிறகு ஸ்டீரிங்கும் அச்சும், பிறகு துரு. பெயின்ட் கடைசி. பெயின்ட்டை முதலில் அடித்துவிட்டு, கையில் காசு தீர்ந்து, பளபளவென்று நின்றபடியே மறுபடி துருப்பிடிக்கும் வண்டிகள் ஊரில் ஏராளம். நம் கீழ்த்தளத்தில் நிற்பவை ஓடும் வண்டிகளாக வெளியே வரட்டும்.