பழைய விண்டோஸும் புதிய விண்டோஸும்: எது வேகம்?

(வாலிபர் கூட்டமொன்றிலே நிகழ்த்திய பேச்சு)



கணனியை இயக்கும் பணிசெயல் முறைமைகளுள் நம்மவர் நன்கறிந்தது விண்டோஸ். அதன் புதிய பதிப்பு வெளிவருந்தோறும் ஒரு சாரார் புதியதே விரைவுடையது என்பர். மற்றொரு சாரார் பழையதற்கு ஈடில்லை என்பர். இரு சாராருள்ளும் அளந்து பார்த்துச் சொல்பவர் சிலரே. இதனால் விளையும் நட்டமோ சிறிதன்று. நல்ல கணனியை மூலையில் ஒதுக்கிவிட்டுக் கடன்பட்டுப் புதியது வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆதலின் இப்பொருள்பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

முதலிலே வரலாற்றை நோக்குவோம். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆகக்குறைந்தது 64 மெகாபைற் நினைவகம் போதுமாயிருந்தது. 2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விஸ்டா 512 மெகாபைற் கேட்டது. தன் முழு அலங்காரத்தையும் காட்ட 1 கிகாபைற் வேண்டுமென்றது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பதோ 4 கிகாபைற். இருபது ஆண்டுகளில் தேவை 64 மடங்காயிற்று! இயந்திரம் விரைவடைவதிலும் வேகமாக மென்பொருள் மந்தமடைகின்றது என்னும் கருத்தைச் சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்கிளவுஸ் வேர்த் 1995இலேயே எடுத்துக்காட்டினார்.

ஆயினும் புதியதெல்லாம் பெருஞ்சுமை என்று முடிவுகட்டலாகாது. 2009இல் வந்த விண்டோஸ் 7, 2015இல் வந்த விண்டோஸ் 10 ஆகிய இரண்டின் 32 பிற் பதிப்புக்களும் 1 கிகாபைற் அளவோடு நின்றன.

இனி, ஒப்பிடும் முறையைக் கவனிப்போம். ஓட்டப் பந்தயத்திலே ஒருவன் தலையிற் சுமையுடனும் மற்றவன் வெறுங்கையுடனும் ஓடினால் அது பந்தயமாகுமா? ஐந்தாண்டு பாவித்து மென்பொருள்கள் நிறைந்த பழைய முறைமையை, நேற்று நிறுவிய புதியதோடு ஒப்பிடுவதும் அத்தகையதே. ஒரே கணனியிலே, இரண்டையும் புதிதாக நிறுவி, ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். நிறுவியவுடன் முறைமை தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்; ஆதலின் முதற் சில தொடக்கங்களைத் தள்ளிவிட்டுப் பலமுறை அளந்து சராசரி காணவேண்டும்.

இங்கே இரண்டு ஏமாற்றங்கள் உள. விஸ்டா முதலாகச் சில சேவைகளைத் தாமதித்துத் தொடங்கும் வசதி வந்தது. திரை தோன்றினாலும் உள்ளே வேலை முடிந்திராது. ஆதலின் திரை தோன்றும் நேரத்தையன்று, ஓர் ஆவணத்தைத் திறந்து எழுதத்தக்க நேரத்தையே குறிக்கவேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலாக, கணனியை நிறுத்தும்போது முறைமையின் கருப்பகுதி வன்தட்டிலே சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே மீட்கப்படுகின்றது. அது முழுத் தொடக்கம் அன்று. “மீளத் தொடங்கு” என்னும் கட்டளையால் அளந்தாலே ஒப்பீடு நேர்மையாகும்.

பல வேளைகளில் குற்றம் முறைமையினதன்று, தட்டினது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கின்றது. சுழலும் பாகம் எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. தட்டுக்கு இக்காத்திருப்பு இல்லை. முறைமையை மாற்றாது தட்டை மட்டும் மாற்றினாலே பழைய கணனி புத்துயிர் பெறுவதுண்டு.

அப்படியாயின் பழையதையே என்றும் வைத்திருக்கலாமா? அதுவும் தகாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இலும், விண்டோஸ் 7க்கானது 2020இலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிவுற்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாத முறைமையில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டிலே நகையை வைப்பதை ஒக்கும். விண்டோஸ் 11 ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் கேட்பதால், பழைய கணனிகள் பல அதன் வாயிலைக் கடக்கமாட்டா. அவற்றுக்கு லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் முறைமைகள் இலவசமாக உள்ளன.

பெரியோர்களே, பிள்ளைகள் புதுக்கணனி கேட்டால், “அளந்து பார்த்தாயா?” என்று ஒருமுறை வினவுங்கள். நண்பர்களே, அவ்வினாவுக்கு எண்களோடு விடை கூற ஆயத்தமாயிருங்கள். புதுமை என்பதற்காக ஏற்பதும், பழமை என்பதற்காகப் போற்றுவதும் கற்றோர்க்கு அழகன்று. சோதித்து அறிவதே அழகு.