நீலமலை ஓடைகளில் வானவில் மீன்



ஆங்கிலர் டிரௌட்டு என்னும் மீன்களுள், மேனியில் செவ்வரி ஓடும் இனத்தை வானவில் மீன் என்போம். அமைதிப் பெருங்கடலை அடுத்த வட அமெரிக்க ஆறுகள் அதன் தாயகங்களுள் முதன்மையானவை. தூண்டிற் பொழுதுபோக்கிற்காக வெள்ளையர் அதனை நீலமலைக்குக் கொணர்ந்தனர். 1907-இல் அவலாஞ்சியில் வில்சன் பொரிப்பகம் கண்டார். ஓடைகளில் குஞ்சுகள் விடப்பட்டன.

விட்டால் போதுமா? நீர் 20 பாகைக்கு மேல் சூடேறின் அம்மீன் வாடும். உயிர்வளி மிக்க ஓட்டமும், முட்டையிடச் சேறு படியாத பருக்கைக்கற் படுகையும் வேண்டும். நாமோ, புல்வெளிகளை அழித்துச் சீகை நட்டோம். தேயிலைச் சரிவின் மண் மழைதோறும் ஓடையில் இறங்குகிறது.

மீனைக் குறைகூறேன், அது கேட்டா வந்தது? ஆயின், நம் ஓடைச் சிறுமீன்களையும் அது உண்ணும். அச்சிறுமீன்களுக்குப் படகரும் இருளரும் குறும்பரும் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதிய பட்டியலை மீன்துறையினர் முதலில் காட்டட்டும். குஞ்சுகளைப் பிறகு விடலாம்.