அயலில் ஒரு திறந்த வெளி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பூங்காக்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபொழுது, மலர்களைக் குறித்து இனிமையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே எண்ணினோம். ஆனால், இம்மண்டபத்தின் பின்னால் உள்ள 4 பரப்புக் காணியை என்ன செய்வது என்னும் வினா இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்திலே எழுந்துவிட்டது. ஆதலால் மலர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளட்டும். யாம் காணியைப் பற்றியே பேசப் போகின்றோம். பெரியோர் சிலருக்கு இது உவப்பாய் இராது என்பதையும் அறிவோம்.

யாழ்ப்பாண நகரையும் அதன் அயலையும் சுற்றிவரும் ஒருவன் அரசடி, இலுப்பையடி, புளியடி, கொய்யாத்தோட்டம் என்று பெயர்களைக் கேட்டுக்கொண்டே போகலாம். பல இடங்களிலே பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. மரம் போனால் வேலியாவது இருந்தது ஒரு காலம். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நின்று தழைத்தன. ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குப் பசளை, ஒழுங்கையால் நடப்பவனுக்கு நிழல். ஓர் ஒழுங்கை முழுவதுமே ஒரு நீண்ட சோலை போல இருந்ததென்று எம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று இருபுறமும் சீமெந்து மதில். நடுவே சுடும் தார். காணி சிறுத்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டியிருக்கிறது, மதில் பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. வீட்டு வளவிற் பசுமை குறையக் குறைய, பொதுவிடத்திற் பசுமை கூட வேண்டும் என்பதே எமது கட்சி. இரண்டும் ஒருங்கே குறைந்தால் மனிதர் எங்கே போவது?

பொதுநூலகத்துக்கு அண்மையிலே சுப்பிரமணியம் பூங்கா உண்டு. சுண்டுக்குளியிலே பழைய பூங்கா உண்டு. 1867 வரை வடமாகாணத்தின் அரசாங்க அதிபராய் இருந்த டைக் என்னும் ஆங்கிலேயர் தமது வாசஸ்தலத்தைச் சூழ வளர்த்த மரச்சோலை அது. அவர் எமக்காக வளர்த்தார் என்று சொல்ல வரவில்லை, தமக்காகவே வளர்த்தார். எனினும் மரம் யாருக்காக நடப்பட்டது என்று நிழல் கேட்பதில்லை. 2021 இல் ஆரியகுளம் திருத்தப்பட்டு, சுற்றிவர நடைபாதையுடன் திறக்கப்பட்டபொழுது, மாலை வேளைகளில் அங்கு குடும்பம் குடும்பமாகக் கூடிய சனத்தைப் பார்த்தோம். ஊர் எவ்வளவு காலமாக இதற்கு ஏங்கியிருந்தது என்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

யாம் பாதிரிமார் நிறுவிய பாடசாலை ஒன்றிற் படித்தவர்கள். அங்கே படித்ததனால் எமது சமயப் பற்றுக் குறைந்துவிடவில்லை. குறைந்திருந்தால் இம்மேடையில் நிற்கமாட்டோம். ஆனால் ஒன்றை அங்கே கண்டோம். பாடசாலை கட்டியவர்கள் வகுப்பறைகளோடு நின்றுவிடவில்லை. விசாலமான மைதானத்துக்கும் அதன் ஓரத்தில் நிழல் மரங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். எங்கள் தமிழாசிரியர் மழையில்லாத நாளில் மரத்தடியிலேதான் பாடம் நடத்துவார்.

இது அவர்களிடம் கடன் வாங்க வேண்டிய கருத்தா? ஒருபோதும் இல்லை. ஆலயத்தைச் சுற்றி அகன்ற வீதியும், அருகே கேணியும், தலவிருட்சமும் வைத்தவர்கள் நம் முன்னோரே. மானிப்பாயிலே பிள்ளையாருக்கு மருதமரத்தாலேதான் மருதடி விநாயகர் என்று பெயர். நல்லூர்க் கந்தனுடைய திருவிழா 25 நாளும் வெண்மணல் வீதியிலே இருந்து கச்சான் கொறித்தபடி உறவினரோடு அளவளாவாத யாழ்ப்பாணத்தார் உண்டா? அந்த மணல் வீதியைவிடச் சிறந்த பூங்கா எது? ஆயினும் எமக்குத் தெரிந்த ஓர் ஆலயத்திலே, தெற்கு வீதியில் நின்ற இலுப்பையை, இலை விழுந்து குப்பையாகிறதென்று தறித்துவிட்டு, சீமெந்துக் கற்கள் பதித்தார்கள். இப்பொழுது நண்பகலில் அவ்வீதியைச் சுற்றி வருபவர்கள் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வருகிறார்கள். பக்தி மிகுதியால் அல்ல, கால் சுடுவதனால்.

நிற்க. பெரியோர் ஒருவர், அவர் எம்மேல் மிகுந்த அன்புடையவர், பொதுக்கூட்டத்தன்று எம்மிடம் கேட்டார்: “தம்பி, புல்லுக்கு ஆர் வாடகை தருவினம்?” நியாயமான கேள்வி. இலவச வகுப்புகளுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். பின்காணியிற் கலியாண மண்டபமும் வாகனத் தரிப்பிடமும் அமைத்தால் அப்பணம் வரும். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காணி இப்பொழுதும் வாடகை தந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நாம் கணக்கிலே எழுதவில்லை.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நமது கிணறுகளில் ஊறுவதெல்லாம் சுண்ணக்கல்லின் ஊடே இறங்கிய மழைநீர். நிலத்தின் கீழே அந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட விதி. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி குறைந்தால் கீழே உவர் எவ்வளவு தூரம் ஏறிவரும்! 4 பரப்பு நிலத்தில் 1 அங்குல மழை பெய்தால் 25,000 லீற்றருக்கு மேல் நீர் விழுகிறது. திறந்த மண்ணென்றால் அதிற் கணிசமான பங்கு உள்ளே இறங்கும். சீமெந்துத் தரையென்றால் வீதிக்கு ஓடி, அயலவர் வாசலில் வெள்ளமாய் நின்று, பின் வாய்க்கால் வழியே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் என்று முறையிடுபவர்களும், ஆவணியிற் கிணறு உவர்க்கிறது என்று முறையிடுபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இளைஞர் சந்தியிலே நிற்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் வெறுமனே சுற்றுகிறார்கள், போதைப் பொருளுக்கு இரையாகிறார்கள் என்று இம்மேடையிலே ஆண்டுதோறும் கண்டிக்கிறார்கள். கண்டிப்பு எமக்கு வேண்டியதே. ஆனால், ஐயா, சந்தியில் நிற்காவிட்டால் எங்கே நிற்பது? நமது சகோதரிகளுக்கோ அந்தச் சந்தியும் இல்லை. பாடசாலை, தனியார் வகுப்பு, வீடு. இம்மூன்றுக்கும் இடையிலே ஒரு மணி நேரம் அமர்ந்து கதைக்க அவர்களுக்கு எமது அயலிலே ஓர் இடம் சொல்லுங்கள் பார்ப்போம். பின்காணியில் மாலையிற் பந்தடிக்கும் சிறுவர்களைக் கண்டிருப்பீர்கள், சிறுமிகளைக் கண்டிருக்கமாட்டீர்கள். வேப்பமரத்தின் கீழே நாலு வாங்குகளும், இருட்டும்வரை எரிய ஒரு விளக்கும் இருந்தால் அவர்களும் வருவார்கள். முதியோரும் வருவார்கள்.

வருமானத்துக்கு எமது யோசனை இது: இருக்கும் மண்டபத்தின் மேலே ஒரு மாடி எழுப்புவோம். செலவு கூடும், கட்டி முடிக்க ஆண்டுகள் செல்லும், அதுவரை கணக்கு நெருக்கடியாகவே இருக்கும். இளைஞர் பகுதியினராகிய நாம் அதற்காக வீடு வீடாகச் செல்ல ஆயத்தம். பின்காணியைக் கட்டடம் இன்றி வைத்திருப்பதென்ற பிரேரணை அடுத்த மாதம் செயற்குழுவின் முன் வருகிறது. எதிர்த்து வாக்களிக்க எண்ணியிருக்கும் பெரியோர்கள், அதற்குமுன் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அந்த வேம்பின் கீழே வந்து சிறிது நேரம் இருக்க வேண்டுமென்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். கதிரைகளை நாமே கொண்டுவந்து போடுவோம். கிணற்றடிப் பக்கம் மட்டும் கவனம். மூடி இன்னும் செய்யவில்லை.