கழுவெளியைச் சைக்கிளில் போய்ப் பாருங்கள்!
(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிஷத்துக்கு மேல பேசக்கூடாதுன்னு செயலாளர் கண்டிப்பாச் சொல்லிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிரம்மதேசத்துக்காரன். ‘உங்க ஊர்ப் பக்கம் உப்பளத்தை விட்டா என்னய்யா இருக்கு?’ என்று விடுதி நண்பர்கள் அந்தக் காலத்தில் கிண்டல் செய்வார்கள். இன்று பதில் சொல்கிறேன்: கழுவெளி இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் பறப்பவர்கள் மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த நீர்வெளியைக் கவனிப்பதில்லை. பரப்பு ஏறத்தாழ 5,150 ஹெக்டேர். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்பார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

இதைப் பார்க்கச் சைக்கிள்தான் சரியான வண்டி. கார்த்திகை முதல் மாசிக்குள் ஒருநாள் விடியலில் கிளம்புங்கள். நெல்வயல், பனை, உப்புப் பாத்தி, கழி என்று நிலம் மாறுவது மிதிக்க மிதிக்கப் புரியும். மழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். அதே மழையில்தான் கழுவெளி நிறையும். பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் வந்து இறங்கும். கோடையில் பெரும்பகுதி காய்ந்து மாடு மேயும்.

இப்படிக் காய்வதைப் பார்த்துத்தான் இதைத் தரிசு என்று நினைத்தார்கள். ஆக்கிரமிப்பு வந்தது, இறால் பண்ணை வந்தது, வேலிகாத்தான் முளைத்தது. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன கதை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது மீட்புப் பேச்சு நடக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ‘ஆழமாத் தோண்டிட்டா சரியாப்போச்சு’ என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கவலை. ஊர் ஏரிக்குத் தூர் வாருவது நல்லது. கழுவெளிக்கோ ஆழமின்மைதான் உயிர். உள்ளானின் கால் எத்தனை நீளம்? முழங்கால் ஆழம் வந்தாலே அதுக்கு இரை எட்டாது. நன்னீரும் கடல்நீரும் பருவத்துக்கு ஏற்பக் கலப்பதுதான் இதன் இயல்பு.

அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? மேலே பாருங்கள். திண்டிவனம், வானூர்ப் பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கேதான் வந்து சேர்கிறது. அந்த ஏரிகள் கோடி போனால்தான் கழுவெளிக்கு நன்னீர். கால்வாய் அடைபட்டால் கடல்நீர் கை ஓங்கும். சுற்றுவட்டாரக் கிணறுகள் கரிக்கும். குடிதண்ணீர்க் குடத்தோடு அலையப்போவது நம்ம ஊர்த் தாய்மார்கள்தான். நடுக்குப்பத்தில் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனத்தார் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த மண்ணுக்குரிய மரங்களை வளர்த்து வருகிறார்கள். நாமும் நம் பங்குக்குச் செய்யலாமே!

தம்பி தங்கைகளே, உங்கள் ஊர் ஏரிக் கலங்கலில் தொடங்கி, உபரிநீர் போகும் வழியே கால்நடையாகப் போய்ப் பாருங்கள். அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே என்று நோட்டில் குறியுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. அந்த நோட்டோடு ஊராட்சிக்குப் போனால் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: உப்புப் பாத்தி வரப்பில் கேட்காமல் ஏறாதீர்கள். சேறு கலந்தால் ஓர் ஏழையின் உழைப்பு வீண். பறவைகளையும் தூரத்தில் நின்றே பாருங்கள்.

பழைய மாணவர்களே, முழங்கால் வலி இல்லாதவர்கள் தை மாதம் வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன். வலி உள்ளவர்களும் வரலாம், மெதுவாகத்தான் மிதிப்போம்!