பெண்களும் ஓட்டமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். பெண்கள் ஓடுவதைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்றும் கேட்கலாம். ஆனால் நம் பாஷையில் "ஓடுகாலி" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது யாரைக் குறிக்கிறது? பந்தயத்தில் ஓடி ஜெயித்த ஆணையா? ஆண் ஓடினால் வீரன்; பெண் ஓடினால் ஓடுகாலி! பெண்ணின் கால் வீட்டுப்படி தாண்டக்கூடாது என்ற எண்ணம் ஒரு வசவாகவே பாஷையில் குடியேறிவிட்டதென்றால், இதை விளையாட்டு விஷயம் என்று தள்ளிவிட முடியுமா?

ஏன் ஓடக்கூடாது என்று கேட்டால், "பெண் சரீரம் தாங்காது, கர்ப்பப்பை கெட்டுப்போகும்" என்பார்கள். இந்தச் சரீரந்தான் பகல் முழுதும் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறது. தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாய்த் தண்ணீர் சுமக்கிறது. சித்தாளாய்ச் செங்கல் சுமந்து சாரம் ஏறுகிறது. அப்போதெல்லாம் கர்ப்பப்பைக்காகக் கவலைப்பட்டு எந்தச் சாஸ்திரியும் எந்த வைத்தியரும் வந்து தடுத்ததில்லை. பிறருக்காகச் சுமந்தால் தாங்குமாம். தனக்காக ஓடினால் மாத்திரம் தாங்காதாம்! இது வைத்தியமா, பித்தலாட்டமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பித்தலாட்டம் நம் நாட்டு வைதிகர்களுக்கு மாத்திரம் சொந்தமல்ல. நாகரிகத்தில் சிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மேல்நாட்டாரும் இதையே செய்தார்கள். 1928-ம் வருஷம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதி ஓட்டத்தில் 9 பேர் ஓடினார்கள்; 9 பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனி தேசத்து லீனா ராட்கே என்பவர் 2 நிமிஷம் 16.8 விநாடியில் ஓடி, உலகத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் ஓடாத வேகத்தைக் காட்டினார். ஆனால் சில பத்திரிகைகள் என்ன எழுதின? 11 பேர் ஓடினார்களாம். 5 பேர் பாதியில் நின்றுவிட்டார்களாம்! களைத்துத் தரையில் சாய்வது ஆண்களுக்கும் உண்டு. அதை யாரும் ஆபத்தென்று எழுதுவதில்லை. இந்தக் கூச்சலைச் சாக்காக வைத்து அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி வைத்தது 1960-ல், ரோம் நகரத்தில். கண்ணெதிரே நடந்த ஓட்டத்தைப் பற்றியே இப்படி ஒரு புராணம் கிளம்பி 32 வருஷம் பெண்களைத் தடுத்ததென்றால், யாரும் காணாத காலத்தைப் பற்றிய புராணங்களின் யோக்கியதையைச் சொல்லவும் வேண்டுமா?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாரத்தான் ஓட்டம் 42 கிலோ மீட்டருக்கு மேற்பட்டது. 1966-ல் பாபி கிப் என்ற பெண் அதில் ஓட அனுமதி கேட்டார். பெண்களுக்கு அந்தச் சக்தி கிடையாது என்று பதில் வந்தது. அவர் புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து ஓடி, 3 மணி 21 நிமிஷத்தில், பாதிக்கு மேற்பட்ட ஆண்களுக்கு முன்னதாக வந்து சேர்ந்தார். மறு வருஷம் காத்ரின் சுவிட்சர் என்ற 20 வயது மாணவி, பெயரைத் தலைப்பெழுத்தாக எழுதிக் கொடுத்து, 261 என்ற எண்ணை மார்பில் குத்திக்கொண்டு ஓடினார். நடத்துகிற அதிகாரி ஒருவர் வழியில் பாய்ந்து அந்த எண்ணைக் கிழிக்கப் பார்த்தார். கூட ஓடிய நண்பர் அவரை நெட்டித் தள்ள, அந்தப் பெண் நிற்காமல் ஓடி முடித்தார். 1972-ல்தான் பாஸ்டனில் பெண்களைச் சட்டப்படி சேர்த்துக்கொண்டார்கள். அன்று 8 பேர் ஓடினார்கள்; 8 பேரும் முடித்தார்கள். 1984-ல் ஒலிம்பிக்கிலேயே பெண்கள் மாரத்தான் வந்துவிட்டது. எந்தக் கர்ப்பப்பையும் கீழே விழுந்துவிடவில்லை.

தோழர்களே! ஓட்டத்தால் கால் பலப்படுவது பெரிதல்ல. மனம் பலப்படுவதே பெரிது. இன்று ஒரு விளக்குக் கம்பம் வரை ஓடியவள் நாளை அடுத்த கம்பம் வரை ஓடுகிறாள். இதற்கு ஜாதகமும் நேர்த்திக்கடனும் தேவையில்லை. அவள் காலே சாட்சி. "உன்னால் முடியாது" என்று சொல்லப்பட்ட ஒன்றை முடித்துக் காட்டியவள், அடுத்தபடியாகத் தனக்குச் சொல்லப்பட்ட மற்றவற்றையும் "மெய்தானா?" என்று கேட்க ஆரம்பிப்பாள். வைதிகன் பயப்படுவது இந்தக் கேள்விக்கே அல்லாமல் ஓட்டத்திற்கல்ல.

மேலும், நம் பெண்கள் ஒருவரையொருவர் எப்படிச் சந்திக்கிறார்கள்? மாமியார், மருமகள், நாத்தனார், ஓரகத்தி என்று ஓர் ஆண்பிள்ளையின் மூலமாகவே சந்திக்கிறார்கள். இல்லாவிட்டால் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கோயிலிலும். பக்கத்தில் ஓடுகிறவளோ யார் மனைவி, என்ன ஜாதி என்பதால் சினேகிதியாவதில்லை; கூட ஓடுவதாலேயே ஆகிறாள். பின்தங்கியவளுக்காக மற்றவர்கள் நிற்பார்கள். ஒரே செம்புத் தண்ணீரை எல்லோரும் குடிப்பார்கள். நாம் எத்தனையோ மேடைகளில் பேசும் சமத்துவம் அங்கே பேச்சில்லாமல் நடக்கும்.

அந்த ஒற்றுமை என்ன செய்யும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 1972-ல் நியூயார்க் மாரத்தானில், பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகத் தனியே புறப்பட வேண்டுமென்று விதி செய்தார்கள். சாப்பாட்டில் தனிப்பந்தி போடுவதுபோல் ஓட்டத்திலும் தனிப்பந்தி! ஓட வந்த பெண்கள் 6 பேர் புறப்படும் கோட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பத்து நிமிஷமும் உட்கார்ந்திருந்து, ஆண்கள் புறப்படும்போது எழுந்து ஓடினார்கள். அதிகாரிகள் அந்தப் பத்து நிமிஷத்தை அவர்கள் கணக்கில் கூட்டினார்கள். ஆனால் அந்த விதி நிலைக்கவில்லை. ஒருத்தி உட்கார்ந்திருந்தால் தூக்கி அப்புறப்படுத்தியிருப்பார்கள். மொரோக்கோ தேசத்து நவால் எல் முத்தவக்கல் 1984-ல் ஒலிம்பிக் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். அத்தோடு திருப்தியடையாமல், 1993-ல் காஸாபிளாங்கா நகரத்தில் பெண்களுக்கென்றே ஓர் ஓட்டம் ஏற்படுத்தினார். அதில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீதியில் ஓடியிருக்கிறார்கள்.

ஆகவே தாய்மார்களே! பெண் பெரியவளானதும் அவள் ஓட்டத்தை நிறுத்தும் வழக்கத்தை நீங்கள் நிறுத்துங்கள். தெருவுக்கு நான்கு பெண்கள் சேர்ந்தால் போதும். விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்திலோ ஏரிக்கரையிலோ இயன்ற மட்டும் ஓடுங்கள், இயலாதபோது நடங்கள். ஆண் தோழர்களே! உங்களுக்கு ஒரே வேலைதான். அந்த அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அடுப்பையும் கவனியுங்கள். அதுகூடச் செய்யாமல் மேடையில் பெண் விடுதலை பேசுவது யோக்கியமாகாது.