ஈஸ்டர் கள்ளி

கள்ளி என்றதும் பாலைவனமும் முள்ளும்தான் நினைவுக்கு வரும். ஈஸ்டர் கள்ளிக்குக் கடும் வெயிலே ஆகாது, முள்ளும் பேருக்குத்தான். தென்கிழக்கு பிரேசிலின் ஈரக் காடுகளில் மரக்கிளையில் தொற்றி வளர்வது இது. ஐரோப்பிய வீடுகளில், ஜன்னலோரத் தொட்டியில், வசந்தத்தில், ஈஸ்டரை ஒட்டிச் சிவப்பாகப் பூக்கிறது. சொந்த ஊரில் வசந்தம் பிறப்பதோ செப்டம்பரில்!

பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் சில வாரங்கள் 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சியும் நீண்ட இருட்டும் வேண்டும். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் மொட்டு பிடிக்காது. மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றினாலும் உதிர்த்துவிடும். சரியான கோபக்காரச் செடி. தண்ணீர் தேங்கினாலும், ஒரேயடியாகக் காய்ந்தாலும் தண்டுத் துண்டுகள் கழன்று விழும். விழுந்ததை எறிந்துவிடாதீர்கள். ஓரிரு நாள் நிழலில் உலரவைத்து, நீர் தேங்காத மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும்.